நிமிஷத்துக்கு ஒரு ஏடு

தங்கள் வீட்டுச் சுவரில் தினசரிக் காலண்டர் ஒன்று தொங்கும் என்று நம்புகிறேன். காலையில் எழுந்ததும் வீட்டுப் பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, நேற்றைய தாளைக் கிழித்து, ராகு காலம் பார்த்துவிட்டுத்தான் காப்பிக்கு உட்காருவார். அவர் நாலு நாள் பெண் வீட்டுக்குப் போய்விட்டால் போச்சு. அந்த நாலு நாளும் வீட்டில் செவ்வாய்க்கிழமைதான்!

அந்தக் காலண்டரே ஒரு பெட்டிக்குள் புகுந்துகொண்டு, நிமிஷத்துக்கு ஒரு தாளாகத் தானே புரட்டிக்கொண்டால் எப்படி இருக்கும்? கிழிக்கவும் வேண்டாம். விழுந்த தாள் சுற்றிக்கொண்டு போய், ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் மேலே வந்து தன் முறைக்காகக் காத்து நிற்கும். அதுதான் 'ஃப்ளிப் கிளாக்'. தமிழில் 'புரட்டுக் கடிகாரம்' என்று பெயர் வைக்கலாமென்றால், கடைக்காரர் ஏமாற்றித் தலையில் கட்டியது என்று அர்த்தமாகிவிடும். ஆகையால் 'ஏட்டுக் கடிகாரம்' என்று வைத்துக்கொள்வோம்.

தபால் தலை சேர்ப்பவர்கள் உண்டு. பழைய காசு சேர்ப்பவர்கள் உண்டு. ஏட்டுக் கடிகாரம் சேர்ப்பவர்கள் தனி ரகம். தபால் தலையை ஆல்பத்தில் செருகினால் அதோடு கவலை விட்டது. இந்தக் கடிகாரமோ பழைய சாமான் கடையிலிருந்து வரும்போதே நோயாளியாகத்தான் வரும். ஆகவே, இதைச் சேர்க்க விரும்புகிறவர் பாதிச் சேகரிப்பாளராகவும் பாதி வைத்தியராகவும் இருக்க வேண்டும்.

வைத்தியத்துக்கு முன் உடற்கூறு தெரிய வேண்டும் அல்லவா? உள்ளே ஒரு சக்கரம். அதன் விளிம்பைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் ஏடுகள், பெரும்பாலான கடிகாரங்களில் நிமிஷத்துக்கு 60. ஒவ்வோர் ஏட்டுக்கும் இரண்டு பக்கத்திலும் சின்னஞ்சிறு காதுகள். அந்தக் காதுகளைப் பிடித்துக்கொண்டுதான் ஏடு தொங்குகிறது. எந்த ஏட்டிலும் முழு எண் இராது. முன்பக்கத்தில் 7-ன் மேல்பாதி இருந்தால், அதே ஏட்டின் பின்பக்கத்தில் 8-ன் கீழ்ப்பாதி தலைகீழாக அச்சாகியிருக்கும். ஏடு விழுந்தவுடன் அதன் முதுகு நம் பக்கம் திரும்பி 8-ன் கால் தெரிகிறது. அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த அடுத்த ஏட்டில் 8-ன் தலை தெரிகிறது. தலையும் காலும் சேர்ந்து ஒரு முழு எட்டு!

சக்கரம் நிற்காமல், கண்ணுக்குத் தெரியாத மந்த கதியில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மேலே ஒரு சிறு கொக்கி ஏட்டின் நுனியைப் பிடித்து வைத்திருக்கிறது. சக்கரம் நகர நகர, நிமிஷம் முடியும் தறுவாயில், நுனி கொக்கியிலிருந்து நழுவுகிறது. டக்! மோட்டார் ஏட்டைத் தள்ளுவதில்லை. விழுவது பூமியின் ஆகர்ஷணத்தால். ஆகவேதான் இந்தக் கடிகாரத்தைச் சமதளத்தில் வைக்க வேண்டும். பின்பக்கம் சாய்த்து வைத்தால் ஏடு விழுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே நிற்கும்.

இந்த யோசனை யாருக்கு முதலில் தோன்றிற்று? சென்ற நூற்றாண்டின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் யூஜீன் ஃபிட்ச் என்பவர் 'பிளேட்டோ' என்ற கடிகாரத்தை உண்டாக்கினார். கிரேக்க ஞானி நினைவுக்கு வந்தால் அவரை விட்டுவிடுங்கள். 'பிளேட்' என்றால் தகடு, அதிலிருந்து பிறந்த பெயராம். கண்ணாடிக் குழாய்க்குள் ஸெலுலாய்ட் தகடுகள், சாவி கொடுத்து ஓட்டும் வில், மேலே தூக்க ஒரு கைப்பிடி. பார்த்தால் குதிரை வண்டி லாந்தர் மாதிரி இருக்கும். இன்று நல்ல நிலையிலுள்ள பிளேட்டோவுக்குக் கொடுக்கும் விலையை மனைவியிடம் சொல்லாமலிருப்பது உத்தமம்.

ஆனால் ஏட்டுக் கடிகாரத்துக்கு உலகப் புகழ் வாங்கித் தந்த ஊர் இத்தாலியில் இருக்கிறது. அந்த தேசத்தின் வடகிழக்கு மூலையில், மலைகளுக்கு நடுவே பெஸாரீஸ் என்று ஒரு குக்கிராமம். அங்கே ஸோலாரி குடும்பத்தார் 1725-லிருந்து கோபுரக் கடிகாரம் செய்து வந்தார்கள். கோயில் மணிக்கூண்டில் வைக்கும் இரும்புக் கடிகாரங்கள். 1948-ல் அந்தக் குடும்பத்து ரெமிஜியோ ஸோலாரி மலையை விட்டிறங்கி, ஊதினே நகரத்தில் தனித் தொழிற்சாலை வைத்தார். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜான் மையர் என்ற கண்டுபிடிப்பாளரின் உதவியும், ஜீனோ வாலே என்ற கட்டிடக் கலைஞரின் கைத்திறனும் வந்து சேர்ந்தன. அவர்கள் செய்த 'சிஃப்ரா 5' என்ற கடிகாரம் 1956-ல் இத்தாலியின் தங்கக் கவராயப் பரிசைத் தட்டிக்கொண்டது. பிறகு 1960-களில் வந்த 'சிஃப்ரா 3', படுத்திருக்கும் உருளை வடிவில், கையடக்கமாக இருக்கும். நியூயார்க் நவீன கலை மியூஸியத்தில் அதற்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். சித்திரத்தோடு சிற்பத்தோடு ஒரு கடிகாரம்! அதே பெயரில் ஸோலாரி இன்றும் புதிதாகச் செய்து விற்கிறது. பெஸாரீஸ் கிராமமும் சும்மா இருக்கவில்லை. தெருவுக்குத் தெரு விசித்திரக் கடிகாரங்களை நிறுத்தி வைத்து, கடிகார மியூஸியம் ஒன்றும் நடத்தி வருகிறது.

இதே வித்தையைப் பெரிதாக்கித்தான் ரயில் நிலையங்களிலும் விமான நிலையங்களிலும் அறிவிப்புப் பலகைகள் வைத்தார்கள். அதில் எண்கள் மட்டும் போதாது, எழுத்துகளும் வேண்டும். ஆகவே ஒரு கட்டத்துக்குச் சுமார் 40 ஏடுகள். சக்கரம் ஒரே திசையில்தான் சுற்றும். 'பி' என்ற எழுத்திலிருந்து முந்தைய 'ஏ'-க்குப் போக வேண்டுமென்றால், மற்ற எல்லா எழுத்துகளையும் ஒரு பிரதக்ஷணம் செய்துவிட்டுத்தான் வர வேண்டும். ஒரு ரயில் புறப்பட்டுப் போனதும் எல்லா வரியும் மேலே ஏறும்போது, நூற்றுக்கணக்கான ஏடுகள் சடசடவென்று விழும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கூட்டம் முழுவதும் தலை நிமிரும். 2019 ஜனவரியில் ஃபிலடெல்ஃபியா நகரத்து ரயில் நிலையத்தில் அந்தப் பலகையைக் கழற்றியபோது, ஊர் ஜனங்கள் உறவுக்காரர் போவதுபோல் வருத்தப்பட்டார்கள். நல்ல வேளையாக அது பழைய இரும்புக் கடைக்குப் போகவில்லை. பென்ஸில்வேனியாவின் ரயில்வே மியூஸியத்துக்குப் போயிற்று. அதே 2019-ல் நியூயார்க்கில் வேறு கதை நடந்தது. 1962-ல் திறந்த டி.டபிள்யூ.ஏ. விமானக் கட்டிடத்தை ஹோட்டலாக்கியவர்கள், அங்கிருந்த ஸோலாரி பலகையை ஒழுங்கு செய்து மறுபடியும் பேச வைத்தார்கள்.

பலகையை வாங்கி வீட்டில் மாட்ட நம்மால் ஆகாது. நாம் தேடுவது மேஜைக் கடிகாரம். பெரும்பாலும் கைக்குக் கிடைப்பவை 1960-களிலும் 1970-களிலும் ஜப்பானில் செய்தவை. காமிரா ஷட்டருக்குப் பெயர்போன கோபால் கம்பெனி (நம் ஊர்க் கோபால் அல்ல!) இவற்றின் உள் யந்திரத்தை ஏராளமாகச் செய்து தள்ளியது. வெளியே வேறு பெயர் இருக்கும். திறந்து பார்த்தால் உள்ளே கோபால் இருப்பார். ஸோனியும் நேஷனல் பானஸோனிக்கும் ரேடியோவோடு சேர்த்து விற்றார்கள். 1993-ல் வந்த 'க்ரவுண்ட்ஹாக் டே' என்ற ஆங்கிலப் படத்தில், கதாநாயகனைத் தினமும் ஒரே நாளுக்குள் எழுப்பித் தொலைக்கும் கடிகாரம் இந்த ரகந்தான். 5:59 என்ற ஏடுகள் விழுந்து 6:00 ஆவதைப் பார்த்துப் பார்த்து அவருக்குப் பைத்தியம் பிடிக்கும். சேகரிப்பாளர்களுக்கோ அதைப் பார்த்துத்தான் பைத்தியம் பிடித்தது. ஒளிவிடும் சிவப்பு எண்கள் வந்த பிறகு, 1980 வாக்கில் ஏடுகள் கடையை விட்டுக் காணாமற் போயின. ஹாங்காங்கின் ட்வெம்கோ போன்ற ஓரிருவர்தான் விடாப்பிடியாகச் செய்து வருகிறார்கள்.

சரி, ஒன்றை வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். கடைக்காரர் "ஓடுகிறது ஸார், பாருங்கள்" என்று சொருகிக் காட்டுவார். ஓடுவது வேறு, நேரம் காட்டுவது வேறு!

பழைய ஏட்டுக் கடிகாரத்தில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தமாகக் கால உணர்ச்சி கிடையாது. சுவரிலிருந்து வரும் மாறு மின்சாரம் விநாடிக்கு இத்தனை தடவை துடிக்கிறது என்ற கணக்கை வைத்துக்கொண்டே அதன் மோட்டார் சுற்றுகிறது. அமெரிக்காவில் ஹென்றி வாரன் என்பவர் 1916-ல் பாஸ்டன் நகர மின்சாரக் கம்பெனியாரைப் பிடித்து, தங்கள் துடிப்பை ஒழுங்காக வைத்துக்கொள்ளும்படி செய்தார். அன்றிலிருந்து சுவரில் சொருகும் கடிகாரத்துக்கு நல்ல காலம் பிறந்தது. ஆனால் அமெரிக்காவில் விநாடிக்கு 60 துடிப்பு. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 50. அறுபதுக்குப் பிறந்த கடிகாரத்தை ஐம்பதில் சொருகினால், மணிக்குப் பத்து நிமிஷம் பின்தங்கும். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்! "டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் சரியாகிவிடும்" என்பார் கடைக்காரர். டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 120 ஆகக் குறைக்கும். துடிப்பைத் தொடவே தொடாது. கடிகாரம் எரியாமல் இருக்கும். மற்றபடி, காலை ஆபீஸுக்குக் கிளம்புகிறவரை மத்தியானம் கிளம்ப வைக்கும்.

ஜப்பானில் இந்தத் தொல்லை ஒரே தேசத்துக்குள்ளேயே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் டோக்கியோகாரர்கள் ஜெர்மனியிலிருந்து மின்சார யந்திரம் வாங்கினார்கள். ஓஸாகாகாரர்கள் அமெரிக்காவிலிருந்து வாங்கினார்கள். பலன், இன்றுவரை கிழக்கே 50, மேற்கே 60! அதனால் அங்கே விற்ற பல கடிகாரங்களின் அடிப்பாகத்தில் 50, 60 என்று போட்ட சிறு விசை ஒன்று இருக்கும். வாங்குமுன் கடிகாரத்தைத் தலைகீழாகத் திருப்பி, அந்த விசையையோ '50' என்ற அச்சையோ தேடுங்கள். ஜப்பானியக் கடிகாரம் 100 வோல்ட்டுக்கு ஆனது என்பதால் அதற்கு டிரான்ஸ்ஃபார்மர் அவசியம். 220 வோல்ட், 50 சைக்கிள் என்று போட்ட ஐரோப்பியச் சரக்கு கிடைத்தால் யோகம்தான். அமெரிக்கக் கடிகாரத்தின் மேல்தான் ஆசை என்றால், 60 துடிப்பை உண்டாக்கித் தரும் சிறு மின்னணுச் சாதனத்துக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள்.

மின்சார நிலையத்தை நம்பிய கடிகாரத்துக்கு வந்த சோதனை ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. 2018 ஜனவரி நடுவிலிருந்து மார்ச் முதல் வாரம் வரையில், ஐரோப்பாவில் ஏராளமான அடுப்புக் கடிகாரங்களும் ரேடியோ கடிகாரங்களும் சொல்லி வைத்தாற்போல் பின்தங்கின. காரணம் என்ன? ஸெர்பியாவுக்கும் கொஸோவோவுக்கும் தகராறு. கொஸோவோவில் உற்பத்தி செய்ததைவிட அதிகமாக மின்சாரம் செலவாயிற்று. அந்தக் குறையை ஈடு செய்ய வேண்டியவர்கள் செய்யவில்லை. கண்டம் முழுவதும் ஒரே வலையில் பின்னியிருப்பதால், எங்கும் துடிப்பு சராசரியில் 50-லிருந்து 49.996 ஆகத் தளர்ந்தது. இவ்வளவுதானா என்பீர்கள். அந்த இம்மியளவு சேர்ந்து சேர்ந்து ஆறு நிமிஷம் ஆகிவிட்டது! பால்கன் மலையில் இரண்டு பேர் சண்டை போட, பாரிஸில் ஒருவர் ரயிலைத் தவற விடுகிறார். பிறகு வேண்டுமென்றே துடிப்பைச் சற்று வேகப்படுத்தி, ஏப்ரல் மாத ஆரம்பத்தில் கணக்கை நேர் செய்தார்கள்.

இப்போது வைத்தியத்துக்கு வருவோம். முதல் விதி: பிளக்கைப் பிடுங்குங்கள். அடுத்த விதியும் அதுவே! ஐம்பது வருஷத்துப் பழைய ஒயரின் உறை மொறமொறவென்று உதிரும். வெடிப்பு கண்டால் ஒயரை மாற்றுகிற வரையில் கடிகாரத்தைச் சொருகக் கூடாது. மின்சார வேலை தெரியாதவர் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பத்தில் எட்டுக் கடிகாரத்துக்கு நோய் மோட்டாரில்தான் இருக்கும். எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். சொருகினால் 'ம்ம்ம்' என்று முனகும், சுற்றாது. மோட்டாரைக் கழற்றி, பழைய பிசினை ஸ்பிரிட்டால் கழுவித் துடைத்து, உலர வைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, அதிகம் போனால் இரண்டு சொட்டு விட வேண்டும். மூடி முத்திரையிட்ட மோட்டாராக இருந்தால், மூடியை மெதுவாக நெம்பித் திறப்பவர்கள் உண்டு. சின்னத் துளை போட்டு உள்ளே எண்ணெய் விடுகிறவர்களும் உண்டு. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். கீல் முதல் தலைமுடி வரை சகலத்துக்கும் அதையே தடவும் வழக்கம் நமக்கு இருப்பதால் சொல்கிறேன். மார்கழிக் குளிரில் அது உறையும். கடிகாரமும் அதோடு உறையும்.

ஸ்பிரிட்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அது ஏடுகளின் பக்கமே போகக் கூடாது. எண்கள் அச்சு மையினால் ஆனவை. ஒரே தடவலில் 34 என்பது 3 ஆகிவிடும். சாதாரணத் தண்ணீரில் நனைத்து நன்றாய்ப் பிழிந்த மெல்லிய துணி போதும். ஏட்டைச் சக்கரத்திலிருந்து கழற்ற வேண்டியிருந்தால் வரிசை எண்ணி வையுங்கள். 41-க்குப் பிறகு 43 வந்து 42 வந்தால், தலை ஓர் எண், கால் ஓர் எண்ணாக வேடிக்கைப் பிராணிகள் எல்லாம் தோன்றும். காது ஒடிந்த ஏடுதான் மிகவும் சங்கடமானது.

நேரம் வைக்கும் திருகை எப்போதும் முன்பக்கமாகவே திருப்புங்கள். பின்னுக்குத் திருப்பினால் ஏடுகள் மடங்கும், காது ஒடியும். மேல்நாடுகளில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, இலையுதிர் காலத்தில் ஒரு மணி பின்னே இழுப்பார்கள். ஏட்டுக் கடிகாரம் வைத்திருப்பவர் பின்னே இழுக்க முடியாதே? இருபத்துமூன்று மணி நேரத்தை முன்னே சுற்ற வேண்டும். விவரம் தெரிந்தவர் சுற்றுவதில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துச் சொருகுகிறார்!

வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி வெயில் பட்டு மஞ்சளாகியிருந்தால், ஹைட்ரஜன் பெராக்ஸைடு தடவி மறுபடியும் வெயிலிலேயே வைப்பது வழக்கம். சிகையலங்காரக் கடைகளில் முடி வெளுக்கப் பயன்படுத்தும் சரக்குதான். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். வெளுப்பது உண்மை. சில வருஷத்தில் மஞ்சள் திரும்பி வருவதும் உண்டு. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், லேசான மஞ்சளை விட்டுவிடலாம். எண்களுக்கு வெளிச்சம் காட்டும் குட்டி நியான் விளக்கு மட்டும் உள்ளே கறுத்துப் போய் மினுக் மினுக்கென்றால், புதிதாக மாற்றிவிட வேண்டியதுதான்.

சேகரிப்பாளர்களுக்குள் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. ஒடிந்த ஏட்டுக்கு மாற்று வேண்டுமென்றால், அதே மாதிரிக் கடிகாரம் இன்னொன்றை வாங்கி அறுக்க வேண்டும். ஒன்றைக் கொன்று ஒன்றைப் பிழைக்க வைப்பது சரியா? செய்கிறவர்கள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்; ஆனால் இனிமேல் பிறக்காத பொருள் இது. அறுக்கிற ஒவ்வொன்றும் உலகத்தில் ஒன்று குறைகிறது. தண்ணீரில் ஊறி, பெட்டி உடைந்து, மோட்டார் எரிந்து போனதை உறுப்புக்காக வாங்குவதில் தோஷமில்லை. எண்ணெய் விட்டால் ஓடக்கூடியதை அறுப்பது அநியாயம். முப்பரிமாண அச்சு யந்திரத்தில் சின்னப் பல்சக்கரங்களைச் செய்துகொள்ள இப்போது வழி வந்திருப்பதால், அறுக்கும் அவசியமும் குறைந்து வருகிறது. பழைய மோட்டாரையே தூக்கி எறிந்துவிட்டு, பாட்டரியில் ஓடும் புது யந்திரத்தை வைப்பவர்களும் உண்டு. மின்வெட்டுக்கு அஞ்ச வேண்டாம், துடிப்புக் கணக்கும் வேண்டாம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எடுத்த மோட்டாரைக் காகிதத்தில் சுற்றி, பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள். நமக்குப் பிறகு வருகிறவருக்குத் தேவைப்படலாம்.

எல்லாம் பூட்டி முடித்த பிறகு, ஓர் இரவும் ஒரு பகலும் ஓட விட்டுப் பாருங்கள். முக்கியமாக 59 நிமிஷம் ஆகும்போதெல்லாம் பக்கத்தில் இருங்கள். மணி ஏடும் நிமிஷ ஏடும் சேர்ந்து விழ வேண்டும். 58-லேயே மணி மாறினாலோ, 02 வரை மாறாமல் முரண்டு பிடித்தாலோ, மணிச் சக்கரத்தின் பிடிப்பைச் சரி செய்ய வேண்டும். பகல் பன்னிரண்டில் ஏ.எம். போய் பி.எம். வருகிறதா என்றும் பாருங்கள். மின்சாரம் நின்று மறுபடி வந்தால், இந்தக் கடிகாரம் விட்ட இடத்திலிருந்து ஒன்றும் நடக்காதது போல் ஓட ஆரம்பிக்கும். சிவப்பு எண் கடிகாரமாவது கண்ணைச் சிமிட்டித் தன் தவறைச் சொல்லும், இது சொல்லாது. ஆகவே, முதல் மாதம் கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டுதான் கிளம்புங்கள்.

கடைசியாக, எங்கே வைப்பது என்ற கேள்வி. அதிரும் அலமாரி வேண்டாம், வெயில் விழும் ஜன்னல் வேண்டாம். தலைமாட்டிலும் வேண்டாம். பகலில் காதில் விழாத அந்த 'டக்', நடுநிசியில் நிமிஷத்துக்கு ஒன்று தவறாமல் கேட்கும். "என்னங்க, அது ஹாலிலேயே இருக்கட்டும்" என்று வீட்டில் சொல்வார்கள். ஹாலிலேயே வைத்துவிடுங்கள்.